சொந்தக் காரில் கோர்ட்டுக்குப் போன மைலேஜ் பணம் கிடைக்கவில்லை, உதவி தேவை

டெக்சாஸில் ஒரு கவுன்ட்டி ஷெரிப் அலுவலகத்தில் டெபுடியாக, அதாவது காவலராக, இருக்கிறேன். என் ரோந்துக் கார் டிரான்ஸ்மிஷன் போய் 2025 பிப்ரவரியிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. மாற்று வண்டி இல்லை. "உன் வண்டியிலயே போயிட்டு வா" என்று சார்ஜென்ட் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து பக்கத்து கவுன்ட்டி கோர்ட்டில் சாட்சி சொல்ல வீட்டிலிருந்து நேராக என் கேம்ரியில்தான் போகிறேன்.

மைலேஜ் படிவம், அதாவது சொந்த வண்டியில் ஓடிய மைல்களுக்குப் பணம் கேட்கும் படிவம், ஒவ்வொரு முறையும் நிதிப் பிரிவிலிருந்து திரும்பி வருகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை: 'கம்யூட்'. தினமும் வேலைக்குப் போகும் பயணமாம், அதனால் பணம் கிடையாதாம்!

தேதி, ஓடோமீட்டர் படம், சம்மன் நகல் எல்லாம் இணைத்து, பயணம் முடிந்து 60 நாளுக்குள்தான் கொடுத்தேன். கேட்டது ஐஆர்எஸ்ஸின் (அமெரிக்க வரித்துறை) 2025 விகிதம், மைலுக்கு 70 சென்ட். வழக்கமான பணியிடம் ஒன்று இருக்கும்போது வீட்டிலிருந்து தற்காலிகப் பணியிடத்துக்குப் போவது கம்யூட் ஆகாது என்று ஐஆர்எஸ் வெளியீடு 463 சொல்கிறது. அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து வைத்தேன். பதில் இல்லை. சார்ஜென்ட்டிடம் உத்தரவை மின்னஞ்சலில் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். சங்கப் பிரதிநிதி பொறுக்கச் சொல்கிறார். அவருக்கென்ன, அவருக்கு அலுவலக வண்டி இருக்கிறது. சரி, வரியிலாவது கழிக்கலாம் என்றால், ஊழியர்களுக்கு 2018 முதல் கூட்டரசு வரியில் அந்தச் சலுகையும் இல்லை.

இங்கே காவல் பணியில் இருப்பவர்கள் யாராவது, எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் இப்படிப்பட்ட கோர்ட் பயணத்துக்குப் பணம் வாங்கியிருந்தால், எந்த ஆவணத்தைக் காட்டி வாங்கினீர்கள்?