கிளிப் கழற்றியபின் மகளின் பல்லில் வெள்ளைத் திட்டு: எந்த பேஸ்ட் போடலாம்?

செக்கானூரணி அம்மா:
மகளுக்குப் போன வாரம் பல் கிளிப் கழற்றினார்கள். மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்பு பட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள்! கடையில் பல்லின் மேலுறையான எனாமலைத் திரும்ப உறுதியாக்கும் பேஸ்ட் என்று ஒன்று தந்தார்கள். போடலாமா? பள்ளியில் குழுப்படம் எடுக்கப்போகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழவாசல் தம்பி:
அக்கா, மகளுக்கு என்ன வயது? பேஸ்ட் அட்டையில் என்ன போட்டிருக்கிறது, ஃப்ளோரைடா, பல்லில் உள்ள கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டா, கேசீனா? கேசீன் பால் புரதம். பால் ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது.

உசிலை வாசகர்:
போர் தண்ணீரா குடிக்கிறீர்கள்? ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிடும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆனது. ஃப்ளோரைடு பேஸ்டைத் தூக்கி எறியுங்கள்.

பழங்காநத்தம் பெரியவர்:
எத்தனை தடவை எழுதுவது! கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் வழக்கமே இங்கே யாருக்கும் இல்லை. உசிலைத் தம்பி, தண்ணீரால் வரும் திட்டு, பல் ஈறுக்குள் உருவாகும் சிறுவயதிலேயே விழுவது. கிளிப் கழற்றியதும் புதிதாக வராது. இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி மங்கலாகப் படர்ந்திருந்தால் தண்ணீர். பிராக்கெட், அதாவது கிளிப் கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு, இருந்த இடத்தைச் சுற்றி, ஈறோரமாகப் பிறை போல் இருந்தால் எனாமல் கரைந்திருக்கிறது. அம்மா, வெளிச்சத்தில் பல்லைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேலூர் பல் மருத்துவ மாணவி:
பெரியவர் சொன்ன அடையாளம் சரி. பிராக்கெட்டைச் சுற்றித் தங்கும் உணவைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். எச்சில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஃப்ளோரைடு சேர்ந்து படிந்த எனாமல் ஏறத்தாழ 4.5 வரை தாக்குப்பிடிக்கும். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடு பேஸ்டால் காலையும் இரவும் துலக்கி, நுரையைத் துப்பியதோடு விடட்டும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்து போய்விடும். செறிவு மிகுந்த ஃப்ளோரைடை இப்போதே பூசச் சொல்லாதீர்கள். மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே வெள்ளை அப்படியே தங்கிவிடலாம். குழுப்படத்துக்குள் மறையாது, மாதங்கள் ஆகும். அதைவிட முக்கியம், பன்னீர் சோடாவும் மிட்டாயும் வேளைக்கு வேளை வாயில் போகிறதா என்பது.

அலங்காநல்லூர் விவசாயி:
பேஸ்டே வேண்டாம். வேப்பங்குச்சியும் உப்புக்கரியும் போதும், எங்கள் அப்பா எழுபது வயதிலும் கரும்பு கடித்தார்.

மேலூர் பல் மருத்துவ மாணவி:
ஐயா, கரைந்து பலவீனமான எனாமலில் கரித்தூளைத் தேய்த்தால் மிச்சமும் உரிந்துவிடும். உங்கள் அப்பாவின் பல்லில் இந்தத் திட்டு இருந்ததா?

அலங்காநல்லூர் விவசாயி:
அவர் காலத்தில் கிளிப்பும் இல்லை, மிட்டாயும் இல்லை. அதைத்தானே சொல்கிறேன்!

உசிலை வாசகர்:
தண்ணீரைப் பரிசோதிக்காமல் எதையும் சொல்லாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

செக்கானூரணி அம்மா:
வயது பதினான்கு. கேன் தண்ணீர்தான். ஈறோரமாகத்தான் பிறை மாதிரி இருக்கிறது. அட்டையில் கேசீன் என்று இருக்கிறது, பால் குடிப்பாள், ஒவ்வாமை இல்லை. கிளிப் போட்ட டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குகிறோம். பன்னீர் சோடாவை இன்றே நிறுத்திவிட்டேன்.