மென்பொருள் உருவாக்கத்தில் மின்சார விரயத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் குழு ஓர் இணையச் செயலியைப் பராமரித்து வருகிறது. 2024இல் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு தரவு மையங்களுக்கே சென்றது என்ற பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்கைப் படித்ததிலிருந்து, நம் பங்கையாவது குறைத்தாக வேண்டும் என்று பேசி வருகிறோம். வேகமான நிரல்மொழிக்கு மாறுவதே முதல் வேலை என்கிறார்கள் சிலர். அதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அன்றாட வேலைமுறையிலேயே மாற்றக்கூடியவை எவை?

பதில் 1:
மொழிமாற்றத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் பயனின்றி ஓடுபவற்றை முதலில் தேடுங்கள். வேலையே இல்லாதபோதும் சர்வர் கணிசமான மின்சாரத்தை இழுக்கும் என்பதால், இரவிலும் வார இறுதியிலும் யாரும் தொடாத சோதனைச் சூழல்களைத் தானாக நிறுத்தும்படி அமைப்பதே பெரும்பாலும் பெரிய சேமிப்பைத் தரும். அடுத்து, சிஐ பைப்லைன், அதாவது நிரலில் மாற்றம் வரும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு. ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் முழுச் சோதனைத் தொகுப்பும் ஓடுகிறதா என்று பாருங்கள். அதே நிரல்கிளையில் புதிய கமிட் (பதிவான நிரல் மாற்றம்) வந்தவுடன் பழைய ஓட்டத்தை ரத்துசெய்வதற்கும், நூலகங்களை ஒவ்வொரு முறையும் பதிவிறக்காமல் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்வதற்கும் அமைப்புக் கோப்பில் சில வரிகளே போதும்.

பதில் 2:
இதை ஏற்கிறேன். ஆனால், அளவீடு இல்லாவிட்டால் குறைந்ததா என்பதே தெரியாமல் போகும். கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வகுத்த, மென்பொருளின் கார்பன் உமிழ்வைக் கணக்கிடும் எஸ்சிஐ அளவுகோல் இப்போது ஐஎஸ்ஓ/ஐஇசி 21031:2024 என்ற தரநிலையாகவே உள்ளது. செலவான மின்சாரத்தை அந்த மின்கட்டமைப்பின் கார்பன் அடர்வால் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பன் அளவால்) பெருக்கி, வன்பொருள் தயாரிப்பின்போது வெளியான கார்பனில் உரிய பங்கைக் கூட்டி, ஒரு பயனருக்கு அல்லது ஓர் ஏபிஐ அழைப்புக்கு (ஒரு நிரல் மற்றொன்றிடம் விடுக்கும் கோரிக்கைக்கு) எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். மரம் நட்டு ஈடுசெய்ததாகக் காட்டும் கணக்குக்கு இதில் இடமில்லை. அதனாலேயே இதை நம்புகிறேன்.

கார்பன் அடர்வு மணிக்கு மணி மாறுவது. பேட்ச் வேலைகளை (மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் வேலைகளை) நள்ளிரவில் ஓட்டுவது நம் பழக்கம். சூரிய மின்சாரம் மிகுந்த கட்டமைப்பிலோ நண்பகலே தூய்மையான நேரமாக இருக்கக்கூடும். அவசரமில்லாத வேலைகளை அந்த நேரத்துக்கு நகர்த்திவிடலாம்.

பதில் 3:
சர்வரோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கைப்பேசியின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பகுதி அது தயாரிக்கப்படும்போதே வெளியாகிவிடுகிறது. உங்கள் புதிய பதிப்பு பழைய கைப்பேசிகளில் திணறினால், நன்றாக இயங்கும் கருவியைப் பயனர் தூக்கிப்போட நீங்களும் காரணமாவீர்கள். 2022இல் ஜெர்மனியின் ப்ளூ ஏஞ்சல் சுற்றுச்சூழல் முத்திரையைப் பெற்ற முதல் மென்பொருளான ஓக்குலர், கேடிஇ என்ற திறமூல மென்பொருள் சமூகத்தின் ஆவண வாசிப்பி. ஐந்தாண்டுப் பழமையான கணினியிலும் மென்பொருள் இயங்க வேண்டும் என்பது அந்த முத்திரையின் நிபந்தனைகளுள் ஒன்று. நினைவகம் குறைந்த ஒரு பழைய கைப்பேசியை வெளியீட்டுச் சோதனையில் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சோதனைச் சூழல்களை நிறுத்தும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். கிளவுடில் ஓடும் எங்கள் சர்வர்களின் மின்நுகர்வை நேரடியாக அளக்க வழியில்லாதபோது, எஸ்சிஐ கணக்கை எப்படிப் போடுவது?

பதில் 2 எழுதியவர்:
சிபியு பயன்பாட்டையும் ஓடிய நேரத்தையும் கொண்டு மதிப்பிடலாம். கிளவுட் கார்பன் ஃபுட்பிரிண்ட் என்ற திறமூலக் கருவியும் அப்படித்தான் மதிப்பிடுகிறது. எண் துல்லியமாக இராது. எனினும், ஒரே முறையைத் தொடர்ந்து கையாண்டால் ஒரு வெளியீட்டை அடுத்ததோடு ஒப்பிட அது போதும்.