மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.யும் ஐயாவின் போட்டோவும்: இது எந்தக் கட்டடம்?

செஞ்சைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கும்போது இரண்டாங்கட்டு அறையில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஐயாவின் (தாத்தாவின்) போட்டோ ஒன்று. தோளில் துண்டு, கக்கத்தில் குடை, பின்னால் சாரம் கட்டிய ஒரு பெரிய கட்டடம். பார்த்தால் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருக்கிற எல்.ஐ.சி. மாதிரியே இருக்கிறது. ஆனால் படத்துக்குப் பின்பக்கம் பென்சிலில் "யுனைட்டெட் இந்தியா கட்டடம்" என்று எழுதியிருக்கிறார். எழுத்து அவருடையதுதான், பழைய பேரேடுகளில் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து. அப்படி வேறு ஏதாவது கட்டடம் இருந்ததா? சித்தப்பாவைக் கேட்டால், "அது நம்ம சிதம்பரம் செட்டியார் கட்டுனதுடா, கிரிக்கெட் ஸ்டேடியத்துக்குக்கூட அவர் பேரைத்தானே வச்சிருக்கு" என்கிறார். உண்மையா? அப்புறம் அது 12 மாடியா 14 மாடியா என்று வீட்டில் ஒரு தனிச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
தம்பி, சித்தப்பாவிடம் பாதி சரி என்று சொல்லிவிடுங்கள். ஸ்டேடியத்துக்குப் பெயர் வந்தது எம்.ஏ. சிதம்பரத்தால். அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். எல்.ஐ.சி. கட்டடத்தை ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் ஐ.ஓ.பி. வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தாரே, அவர். இரண்டு பேரும் நகரத்தார், இரண்டு பேரும் சிதம்பரம், அதனால் நம்ம பக்கத்திலேயே இந்தக் குழப்பம் தீர்ந்தபாடில்லை.

ஐயா எழுதியதும் சரிதான். அந்தக் கட்டடத்தை 1953-இல் தொடங்கியதே யுனைட்டெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காக. அது எம்.சிடி.எம். குடும்பத்தின் கம்பெனி. மறு வருஷம் மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் விமானம் இறங்கும்போது விபத்து, அதில் அவர் போய்விட்டார். ஐம்பதைக்கூட எட்டவில்லை. வேலை நிற்கவில்லை, ஆனால் 1956-இல் ஆயுள் காப்பீட்டையே அரசு எடுத்துக்கொண்டது. நாடு முழுக்க 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. ஆக்கினார்கள், பாதி எழும்பிய கட்டடமும் அதோடு போனது. திறப்பு விழா 1959 ஆகஸ்ட் 23, திறந்தவர் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். கட்ட நினைத்தவரும் இல்லை, நினைத்த கம்பெனியும் இல்லை.

இன்னொன்று சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்: கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர் கோரமண்டல் என்ஜினியரிங், முருகப்பா குடும்பத்தின் கம்பெனி. அவர்களுக்குப் பூர்வீகம் பள்ளத்தூர்!

கம்பிகட்டி:
ஆச்சி கதையைச் சொல்லிவிட்டார், நான் கட்டுமானத்தைச் சொல்கிறேன். முதலில் டிசைன் போட்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலின் என்ற இரண்டு ஆர்க்கிடெக்ட்கள். 1957-இல் அவர்கள் விலகிக்கொள்ள, சென்னையிலிருந்த எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்தார். உயரம் 177 அடி. திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம். 1961-இல் பம்பாயில் உஷா கிரண் என்ற கட்டடம் வந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போனது, ஆனால் சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் இதை யாரும் தாண்டவில்லை. மாடிக் கணக்கைப் பொறுத்தவரை புத்தகங்களில் 12 என்றுதான் போடுகிறார்கள். 14 என்பது ஜனங்களின் வாய்க்கணக்கு, அதை இனி மாற்ற முடியாது, விட்டுவிடுங்கள்.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது உயரம் இல்லை. நம்ம ஊர் வீட்டில் போன மாசம் ஒரு சுவரில் வாசல் திறக்க ஆள் விட்டோம், செங்கலும் சுண்ணாம்புமாக இரண்டடி கனம், கொத்தனார் இரண்டு நாள் இடித்தும் அந்தப் பக்க வெளிச்சம் தெரியவில்லை. அந்தச் சுவர்தான் மேல்மாடியைத் தாங்குகிறது, அதனால்தான் அவ்வளவு கனம். இதே முறையில் மாடிமேல் மாடி ஏற்றினால் அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891-இல் மொனாட்நாக் என்று 16 மாடியைச் சுவர் பலத்திலேயே எழுப்பினார்கள், அடியில் சுவர் மட்டும் ஆறடி! தரைத்தளத்தில் பாதி இடம் சுவருக்கே போனால் ஆபீஸ் எங்கே போடுவது? எல்.ஐ.சி.யில் பாரம் முழுக்கக் கான்கிரீட் பில்லர், பீம் வழியாக இறங்குகிறது, சுவர் சும்மா மறைப்புக்குத்தான். செங்கல், சுண்ணாம்பிலேயே பழகிய மெட்ராஸ் கொத்தனார்களுக்கு அது புதுப்பாடம். சரி, நம்ம வீட்டுப் பட்டாலையில் பர்மாத் தேக்குத் தூண் உத்திரத்தைத் தாங்குகிறதே, அதுவும் இதே புத்திதானே என்று கேட்பீர்கள். புத்தி அதேதான், ஆனால் தேக்கை வைத்து 12 மாடி ஏற முடியாது.

வைரவன்கோயில் வாசி:
ரொம்பப் புகழ வேண்டாம். 1975 ஜூலையில் அதே கட்டடத்தில் பெரிய தீ. உயரக் கட்டடத்தில் தீப்பிடித்தால் படிக்கட்டுக் கூண்டும் லிஃப்ட் குழியும் புகைக்கூண்டு ஆகிவிடும், நம்ம வீட்டு வளவு (நடுமுற்றம்) மாதிரி நடுவில் வானம் திறந்திருக்காது. நான் எல்லாம் தரையோடு இருந்துகொள்கிறேன்.

கம்பிகட்டி:
அண்ணே, அந்த வளவில் மழைத்தண்ணி இறங்கி உங்கள் வீட்டு ஓடு பெயர்ந்ததை நானே வந்து பார்த்தேன். :)

செஞ்சைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சாரம் ஒன்பதாவது வரிசை வரைதான் போயிருக்கிறது, அதற்கு மேல் வெறும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் 1959-க்கு நன்றாக முன்னால். ஐயாவிடம் அந்தக் கம்பெனி பாலிசி இருந்ததா என்று அப்பத்தாவைக் கேட்டேன். "பாலிசி என்ன, கட்டடம் எழும்புறதப் பாக்கவே மனுசன் கொளுத்துற வெயில்ல மவுண்ட் ரோட்டுல போய் நிப்பாரு" என்கிறார். குடை எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. ஸ்டேடியம் விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.