நோட்டில் 62 போடுகிறாள், கடையில் 52 வாங்கி வருகிறாள்

கேள்வி: கோவை அம்மா

என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. 100-இல் 38 போனால் எவ்வளவு என்றால், நோட்டில் கடன் வாங்கிச் சரியாக 62 போட்டுவிடுகிறாள். போன வாரம் 100 ரூபாய்த் தாளைக் கொடுத்துத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினேன். தயிரும் தீப்பெட்டியும் சேர்த்து 38 ரூபாய். 52 ரூபாயோடு வந்து நிற்கிறாள். எண்ணிப் பார்த்தாயா என்றால் முழிக்கிறாள்.

பத்து ரூபாய் போனது பெரிதில்லை. எங்கள் வீட்டில் பால், காய், ஆட்டோ எல்லாவற்றுக்கும் போனில்தான் பணம் போகிறது. காசு கை மாறுவதையே அவள் பார்த்ததில்லை. மீதி வாங்கவும் கொடுக்கவும் எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: சாத்தூர்க்காரி

அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். அப்பா மீதி கொடுக்கும்போது கழித்துப் பார்த்ததே இல்லை, கூட்டிக்கொண்டே போவார். முதலில் பொட்டலத்தை மேஜைமேல் வைத்து "முப்பத்தெட்டு" என்பார். இரண்டு ரூபாய்க் காசை வைத்து "நாப்பது". பத்து ரூபாயை வைத்து "அம்பது". ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து, ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, "நூறு, சரியா இருக்கா தாயி?" என்பார். பொட்டலமும் பாக்கியும் சேர்ந்து, கொடுத்த நூறு வந்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு விட்டுப்போனது அந்த நடுவில் இருக்கிற பத்து.

ஆனால் அதற்கு முன்னால் சில்லறை மாற்றத் தெரிய வேண்டும். என் மகன் ஐந்து வயதில் ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு, ஐந்து ஒரு ரூபாய்க் காசை வாங்கிக்கொண்டு, "எனக்குத்தான் நிறைய!" என்று குதித்தான். எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தோம், மதிப்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்புறம் இரண்டு வாரம் பாயில் உட்கார்ந்து இதே வேலைதான். தாளை வைத்து, அதன் பக்கத்தில் பத்து ஒற்றைக் காசை வரிசையாக அடுக்குவோம். அப்புறம் ஐந்து இரண்டு ரூபாய், அப்புறம் இரண்டு ஐந்து ரூபாய்.

அது பிடிபட்ட பிறகுதான் கடை விளையாட்டு. குழந்தையே கடைக்காரராக இருக்கட்டும். வாங்குகிறவருக்குக் கை நீட்டினால் போதும், கொடுக்கிறவர்தான் எண்ணியாக வேண்டும். எல்லாச் சாமானும் 10 ரூபாய்க்குள், நீங்கள் கொடுப்பதும் 10 ரூபாய்த் தாள் மட்டும். தடுமாறாமல் வந்தால் 20, பிறகு 50. தயவுசெய்து பொம்மை நோட்டு வேண்டாம், நிஜப் பணத்தையே கொடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

சாத்தூர் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நாலு என்று பத்தை நிரப்பும் ஜோடிகள் யோசிக்காமல் வர வேண்டும். அது வராவிட்டால் 38-இலிருந்து 40-க்கே போக முடியாது. நோட்டுக் கணக்கையும் விட வேண்டாம், எண்ணியது சரியா என்று பார்க்க உதவும்.

காசின் அளவும் பிள்ளைகளைக் குழப்பும். 2011-இல் வந்த 2 ரூபாய்க் காசு, 5 ரூபாய்க் காசைவிடப் பெரிது. பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நினைப்பார்கள். என் பேரனுக்குத் துணிப்பையில் காசைப் போட்டுத் தடவிச் சொல்லச் சொல்வேன். 12 பக்கம் இருக்கிற 20 ரூபாய்க் காசை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து:

அக்கா, டீச்சரம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்டூல்மேல் சோப்பு, சீப்பு, வெங்காயம் வைத்துக் கடை போட்டோம். 50 ரூபாய் வரை வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா 34 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 50 ரூபாயை நீட்டினார். அவளிடம் ஒற்றைக் காசு தீர்ந்துபோயிருந்தது. டப்பாவைக் கிளறினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "தாத்தா, நாலு ரூபா சில்லறை இருக்கா? இருபதாத் தந்துடுறேன்" என்றாள். நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை. எந்தக் கடையில் கேட்டாளோ தெரியவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது 100. அதற்கு ஒற்றைக் காசு போதவில்லை, உண்டியலை உடைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.