புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் மூட்டு எண் கிடைத்துவிட்டது

தண்டையார்பேட்டையில் அம்மாவுக்குச் செயற்கை முழங்கால் மூட்டு பொருத்திய தனியார் மருத்துவமனை, அதன் தயாரிப்பாளர் பெயரையும், எந்தத் தயாரிப்புத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் தொகுதி எண்ணையும் (batch number) தர மறுத்து, ரசீதில் 'இம்பிளாண்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடியே, வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டேன்.

நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்னும் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதியையும், மூட்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை ரசீதில் தனியாகக் காட்டச் சொல்லும் 2017 ஆகஸ்ட் விலை உச்சவரம்பு ஆணையையும் மனுவில் குறிப்பிட்டேன். பெற்றுக்கொண்டதாக முத்திரையிடவே தயங்கினார்கள். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன் என்றதும் முத்திரை விழுந்தது.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகல் வந்தது. கடைசிப் பக்கத்தில், மூட்டின் பெட்டிகளிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் தொகுதி எண்ணைக் கோப்புக்காகப் போட்ட துளை பாதி விழுங்கியிருந்ததால், மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதிக் கையொப்பமிடச் செய்தேன்.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று அம்மாவே கேட்டார். 2010இல் ஒரு வகைச் செயற்கை இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, அதைப் பொருத்திக்கொண்ட இந்திய நோயாளிகள் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அம்மாவின் முழங்கால் வீக்கம் இன்னும் வற்றாததைக் காஸியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவித்துவிட்டேன்; நோயாளிகளே தெரிவிக்கலாம், கட்டணமில்லா எண் 1800-180-3024. திருத்திய ரசீது இன்னும் வரவில்லை.