மறு: 'ஜம்ப் ஸ்கேர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பேய்ப்படத்தில் திடீரென்று ஒரு சத்தமோ உருவமோ வந்து நம்மைத் தூக்கிவாரிப் போடவைக்கிறதே, அதைத்தான் ஆங்கிலத்தில் 'ஜம்ப் ஸ்கேர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாகப் பதில் போட்டால் யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'திடுக்கு' போதும். வெறும் திடுக்கு. பின்னால் 'காட்சி', 'உத்தி' என்று எந்த வாலும் வேண்டாம்.

> 'தாவல் அச்சம்' அல்லது 'குதிபயம்' என்று வைக்கலாமே. மூலச் சொல்லின் இரண்டு பாதியும் வந்துவிடுகிறது.

வந்துவிடுகிறது, ஆனால் தாவுவது யார்? பேயா, பார்க்கிறவரா? 'தாவல் அச்சம்' என்றதும் எனக்குக் 'காஞ்சனா'தான் (2011) ஞாபகம் வந்தது. இருட்டினால் போதும், லாரன்ஸ் ஓடிப்போய்க் கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்வாரே, அதற்கு வேண்டுமானால் இந்தச் சொல்லை எழுதிவைக்கலாம். 'குதிபயம்' உயரத்திலிருந்து குதிக்கப் பயப்படுகிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் நோய்ப்பெயர் மாதிரி இருக்கிறது.

> பத்திரிகைகள் 'அதிர்ச்சிக் காட்சி' என்று ஏற்கெனவே எழுதுகின்றனவே?

எழுதுகின்றன. ஆனால் கதாநாயகன்தான் கொலைகாரன் என்று கடைசி ரீலில் தெரிந்தாலும் அதிர்ச்சிதான். அந்த அதிர்ச்சி விஷயம் புரிந்த பிறகு வருவது. நாம் பெயர் தேடுவது புரிவதற்கு முன்பே உடம்பு செய்துவிடுகிற காரியத்துக்கு. எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் கண்ணிமை நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் மூடிக்கொள்கிறது. கழுத்து உள்ளே இழுக்கிறது, தோள் மேலே ஏறுகிறது. மூளைத்தண்டு தானாகவே செய்கிற வேலை இது. என்ன சத்தம், யார் வந்தது என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

டார்வின் இதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து 1872இல் எழுதியிருக்கிறார். விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு விரியன் பாம்பு. இடையில் தடித்த கண்ணாடி. பாம்பு கொத்த வந்தாலும் பின்வாங்கக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து நிற்கிறார். பாம்பு அடித்ததுதான் தாமதம், ஆள் ஓரிரு கெஜம் பின்னால் துள்ளிவிட்டார். கடி படாது என்று தெரிந்த அறிவு எதற்கும் உதவவில்லை. 'இது வெறும் சினிமாதானே' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் நிலைமையும் அதுதான். இந்த இடத்தில் அவருக்கு என்ன ஆனது என்று கேட்டால் தமிழில் ஒரே சொல்தான் வாயில் வரும்: திடுக்கிட்டார்.

> திடுக்கு என்பது ஒலிக்குறிப்பு போன்றது. 'திடுக்கென்று' என வரும், தனிப் பெயராக நிற்காது. 'திடுக்கீடு' அல்லது 'திடுக்கம்' என்பதே இலக்கணப்படி சரி.

ஐயா, உங்கள் இலக்கண அறிவின் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இதில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'இடு' என்ற வினை எதன் பின்னால் வருகிறது என்று பாருங்கள். கூச்சலிடு, ஓலமிடு, கட்டளையிடு. முன்னால் இருப்பவை எல்லாம் பெயர்கள். திடுக்கிடு மட்டும் என்ன பாவம் செய்தது? இன்னொன்று: ஒலிக்குறிப்புகள் பெயராக மாறுவது சினிமாப் பத்திரிகைக்குப் புதிதில்லை. 'கிசுகிசு' அப்படி வந்ததுதானே? இன்றைக்குக் 'கிசுகிசுக்கள்' என்று பன்மையே போடுகிறோம். 'படத்தில் மூன்று திடுக்குகள், அதில் ஒன்றுதான் தேறும்' என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறாது.

'திடுக்கீடு' தப்பில்லை. ஆனால் மதிப்பீடு, இழப்பீடு, ஒதுக்கீடு வரிசையில் போய் நிற்கிறது. பேய் படிவம் நிரப்பச் சொல்லும்.

> 'துணுக்குறுதல்' நல்ல பழைய சொல். துணுக்கம்?

எனக்கும் பிடித்த சொல். விமர்சனம் எழுதும்போது 'துணுக்குற்றேன்' என்று போட்டால் அழகாகவே இருக்கும். கலைச்சொல்லாக வைத்தால்தான் வம்பு. நாம் துணுக்கம் என்று வைத்தாலும் நாளைக்கே வழக்கில் 'துணுக்கு' என்று சுருங்கிவிடும். 'இரண்டாம் பாதி முழுக்கத் துணுக்குகள்' என்று ஒருவர் எழுத, பேய் ஜோக் சொல்லும் படம் என்று நினைத்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

> ஆங்கிலத்தில் இதற்கு முன்னோடியாக 'லூட்டன் பஸ்' என்று ஒரு சொல் உண்டு. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதை எடுத்துக்கொடுத்த நண்பருக்கு நன்றி. தெரியாதவர்களுக்காக: 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் பூங்கா மதிலோரமாகத் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. அவள் சிறுத்தையாக மாறக்கூடியவளோ என்று நமக்கு ஒரு சந்தேகம். இரண்டு ஜோடிச் செருப்புகளின் டக் டக் சத்தம் கேட்டுக்கொண்டே வருகிறது, ஒரு கட்டத்தில் ஒரு ஜோடி மட்டும் கேட்கிறது. முன்னால் போகிறவள் வேகமெடுக்கிறாள். நின்று திரும்பிப் பார்க்கிறாள். சட்டென்று ஒரு சீறல். சிறுத்தை பாய்ந்துவிட்டது என்று நாம் நடுங்கும்போது, பக்கவாட்டிலிருந்து ஒரு பஸ் வந்து திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சீறியது அதன் பிரேக். தயாரிப்பாளர் வால் லூட்டனின் குழுவினர் அதற்கப்புறம் இந்த உத்தியையே 'பஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, சிறுத்தை வரவே இல்லை என்பது. இந்த வகையில் பேர்போன முதல் காட்சியே ஒரு ஏமாற்று வேலை. பூனை குறுக்கே ஓடுவது, நண்பன் பின்னாலிருந்து தோளில் கை வைப்பது, எல்லாம் இந்த ஜாதிதான். இவற்றைப் 'பொய்த்திடுக்கு' என்போம். ஆபத்தே வந்துவிட்டால் அது மெய்த்திடுக்கு. ஒரு கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அது குட்டி போடுமா என்றும் பார்க்க வேண்டும். 'தாவல் அச்சம்' குட்டி போடாது. 'பொய்த் தாவல் அச்சம்' என்று சொல்லிமுடிப்பதற்குள் பேய் வந்து போய்விடும்.

> ஒலிக்கலவையில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சத்தத்துக்கே ஒரு பெயர் வேண்டும். நாங்கள் 'ஸ்டிங்கர்' என்கிறோம்.

திடுக்கு + ஒலி = திடுக்கொலி. கேட்கும்போது 'கொலை'யும் பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது, இந்த வகைப் படங்களுக்கு அது லாபம்தான். நீங்கள் முந்தைய மடலில் எழுதியதை மற்றவர்கள் கவனிக்க வேண்டும்: சத்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, சட்டென்று எழ வேண்டும். அதே சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனால் ஒருவரும் திடுக்கிட மாட்டார்கள். அதனால்தான் திடுக்கொலிக்கு முன்னால் பின்னணி இசையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிசப்தத்தைக் கேட்டே பழகிப்போன ரசிகர்கள் காதைப் பொத்திக்கொள்வதும் அதனால்தான்.

> எல்லாம் சரி, ஆனால் நல்ல பேய்ப்படத்தில் திடுக்கே இருக்காது. அதை என்னவென்று சொல்வது?

இந்த இழையின் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். திடுக்குக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது கிலி. இதற்கும் புதுச் சொல் தேவையில்லை. இரண்டுக்கும் நாம் என்ன வினை போடுகிறோம் என்று பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும். திடுக்கு 'தூக்கிவாரிப் போடும்', ஒரு நொடியில் ஆளை விட்டுவிடும். கிலி 'பிடிக்கும்'. பிடித்தால் விடாது.

'யாவரும் நலம்' (2009) பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதவன் தனியாக ஏறினால் அந்த லிஃப்ட் நகராது, வேறு யார் ஏறினாலும் வேலை செய்யும். அவ்வளவுதான் விஷயம். சத்தம் கிடையாது, முகம் கிடையாது. இரண்டாவது தடவை லிஃப்ட் நிற்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. 2025இல் வந்த 'வெப்பன்ஸ்' படத்தில் இரவு 2:17க்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் அவரவர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் கிலி. அதே படத்தில் திடுக்குகளும் உண்டு, ஆனால் எனக்கு மனதில் நின்றது அந்த விரித்த கைகள்தான்.

இரண்டையும் எதிரிகளாக நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. 1951இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குறிப்பிட்ட அடையாளம் வந்தால் மின்னதிர்ச்சி வரும் என்று பழக்கப்பட்ட எலி, அந்த அடையாளம் இருக்கும்போது சத்தம் கேட்டால் வழக்கத்தைவிட உயரமாகத் துள்ளியது. கிலி பிடித்தவருக்குத் திடுக்கு பெரிதாக விழும். அடுத்தடுத்து சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் துள்ளல் குறையும் என்பதும் தெரிந்த விஷயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு திடுக்கு வைக்கும் படங்கள் இடைவேளைக்கு அப்புறம் ஏன் உப்புச்சப்பில்லாமல் போகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

நன்றாகச் செய்ததற்கு உதாரணம் கேட்டால் நான் 'எக்ஸார்சிஸ்ட் 3' (1990) படத்தின் மருத்துவமனை வராந்தாவைச் சொல்வேன். கேமரா தூரத்தில், ஆடாமல் அசையாமல். இரவு நேர நர்ஸ் அவர் பாட்டுக்கு வேலை பார்க்கிறார். ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் போகிறார். தம்ளரில் ஐஸ் உடைகிற சத்தம்தான் அது. நாம் மூச்சுவிடுவதற்குள் படுக்கையில் இருப்பவர் எழுந்து கத்துகிறார். பொய்த்திடுக்கு. ஆயிற்று, முடிந்தது என்று நினைக்கிறோம். மறுபடியும் அதே தூரத்துக் கேமரா, அதே வராந்தா, ஒன்றுமே நடக்கவில்லை. பார்வை அலைய ஆரம்பிக்கும் சமயத்தில் நர்ஸ் குறுக்கே நடக்க, அவர் பின்னாலேயே வெள்ளைத் துணி போர்த்திய உருவம் பெரிய கத்தரியை நீட்டிக்கொண்டு வருகிறது. திடுக்கொலி, கேமரா சட்டென்று நெருங்குகிறது, வெட்டு. இங்கே பொய்த்திடுக்கு நம்மை ஆற்றுவதற்காக வைக்கப்பட்டது இல்லை. காவலைக் கீழே இறக்கவைப்பதற்காக வைக்கப்பட்டது.

> தொல்காப்பியம் 'பேம் நாம் உரும்' மூன்றும் அச்சப் பொருள என்கிறது. ஒன்றை எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'படத்தில் நாம் அதிகம்' என்றால் யார் அதிகம் என்று கேட்பார்கள். 'பேம்' என்று அச்சடித்தால் பிழை என்று யாராவது 'பேய்' ஆக்கிவிடுவார்கள்.

அதைவிட அதே நூலில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலைப் பாருங்கள். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கே வழி. அணங்கு என்றால் பேய்ப்படம். விலங்கு என்றால் சுறா, முதலை, அனகோண்டா. கள்வர் என்றால் முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவன். நான்காவது இறை, அதாவது அரசன், அதிகாரம் உள்ளவன். 'பிரமயுக'த்தைப் (2024) பேய்ப்பட வரிசையில் வைப்பவர்கள் அந்த நான்காவதை மறந்துவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில், இடிந்த மாளிகைக்குள் அடைக்கலம் கேட்டு வந்தவனை வெளியே போகவிடாமல் தாயம் உருட்டி ஆட்டிவைக்கும் அந்த மம்மூட்டி பாத்திரம் எனக்கு அணங்காக இருந்து பயமுறுத்தியதைவிட இறையாக இருந்து பயமுறுத்தியதுதான் அதிகம். அவர் சோறு சாப்பிடுவதைப் பார்த்தாலே கிலி பிடித்தது. வகை பிரிக்க இந்த நான்கும் இன்றைக்கும் வேலைக்கு ஆகும். ஆனால் இந்தப் பட்டியல் பயமுறுத்துவது யார் என்றுதான் சொல்கிறது, எவ்வளவு வேகத்தில் என்று சொல்லவில்லை. நம் சொல் அந்த வேகத்துக்கானது.

> ஹாரர் என்ற வகைக்கே என்ன பெயர்? 'திகில்' என்றால் கொலை மர்மப் படமும் அதற்குள் வந்துவிடுகிறதே.

வந்துவிடுகிறதுதான். அதை மாற்ற நம்மால் ஆகாது. பேய் இருந்தால் பேய்ப்படம் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும். பேய் இல்லாததற்குக் 'கிலிப்படம்' ஒட்டுமா என்று போட்டுப் பார்க்கலாம்.

> உடம்பு உருக்குலைவதைக் காட்டிப் பயமுறுத்தும் 'பாடி ஹாரர்' வகைக்கு? 'உடற்கிலி' என்று ஒரு நண்பர் சொன்னார்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. 'தி சப்ஸ்டன்ஸ்' (2024) பார்க்கும்போது வந்தது கிலி இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவைக்கும் வேறொன்று. வயதாவதை ஏற்க முடியாத ஒரு நடிகையின் உடம்பு கண்ணெதிரே சிதைகிறது. தொல்காப்பியம் இளிவரலுக்கு, அதாவது இழிவாகவும் அருவருப்பாகவும் தோன்றும் உணர்வுக்கு, சொல்லும் நான்கு காரணங்களில் முதல் இரண்டு மூப்பும் பிணியும்தான், கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 'இளிவரல் படம்' என்று சுவரொட்டியில் போட்டால் பல்லை இளிக்கும் நகைச்சுவைப் படம் என்று கூட்டம் வந்துவிடும். 'குமட்டல்' என்றால் விமர்சகர் திட்டுகிறார் என்று இயக்குநர் சண்டைக்கு வருவார். 'அருவருப்பு' நீளம், ஆனால் இப்போதைக்கு இருப்பதில் அதுதான் நேர்மையானது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், தலைப்பை மாற்றிப் போடுங்கள். திடுக்கு, பொய்த்திடுக்கு, திடுக்கொலி, கிலி நான்குக்கும் ஆட்சேபம் இருப்பவர்கள் இங்கேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்