கனடாவுல க்ரூப் ப்ராஜெக்ட், கையில சஷ்டி காப்பு

டொரண்டோவுக்குப் படிக்கப் போய் ரெண்டு மாசமான திருப்பரங்குன்றத்துத் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். அதே வாரம் க்ரூப் ப்ராஜெக்ட். பீட்சா கடையில உக்காந்து பண்ணுவோம்ங்கிறாங்க. சொல்லிரவா, கமுக்கமா சமாளிச்சிரவா?"

சொல்லிருங்க தம்பி. இன்னைக்கே.

நம்மூர்ல சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காப்புக் கட்டியிருந்தா, கையப் பாத்ததுமே விளங்கிரும். கார்த்திகையில கழுத்துல மாலை கெடந்தா கேன்டீன்காரரே "சாமி"ன்னுதான் கூப்பிடுவார். கோரிப்பாளையத்துப் பய நோன்புன்னா லேப்ல அவனைச் சீக்கிரம் அனுப்பி வெச்சிருவோம். அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு மாவட்டத்துக்கே லீவு. அங்க நீங்க வாயத் திறக்கலைன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாததுல அவங்க தப்பும் இல்ல.

நான் இப்ப மதுரைக்கே திரும்பிட்டேன். டொரண்டோவுல மொத வருஷம் படிக்கிறப்ப பண்ண கூத்தச் சொல்றேன். மாலை போட்டிருந்தேன், யார்ட்டயும் மூச்சு விடல. குழு கூடுன எடம் ஒரு பார். ரெண்டு தடவை போகாம இருந்துட்டேன். கடைசியில மூணு பேரும் 'இவர் வேலையே செய்யல'ன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அவங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்துல மத நம்பிக்கைக்குப் பாதுகாப்பு இருக்கு, 'க்ரீட்'னு சொல்வாங்க. தாங்கவே முடியாத சிரமம்னு ஆகாத வரைக்கும் கல்லூரி உங்களுக்கு மாத்து ஏற்பாடு செஞ்சு கொடுக்கணும். ஆனா அந்தக் கடமை கல்லூரிக்கு. கூடப் படிக்கிற பிள்ளைகள்ட்ட சட்டம் பேசாதீங்க, காரியம் கெட்டுரும். பேராசிரியருக்கு நாலு வரி மெயில் போதும்: எந்தெந்த தேதி, என்ன முடியாது, அதுக்குப் பதிலா என்ன செய்வீங்க. சூரசம்ஹாரக் கதையெல்லாம் வேண்டாம். குழுவுல, "நூலகத்துல வெச்சா வர்றேன், ஸ்லைடு பூரா எம்பொறுப்பு"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே ஒத்துக்குவாங்க. பெருநாள் கொண்டாடுற தம்பி தங்கச்சிங்க, பிறை பாத்துத்தான் தேதி முடிவாகும்ங்கிறதால ரெண்டு நாளையுமே எழுதிக் கொடுத்துருங்க.

நமக்குக் கேக்கிறது மாதிரியே அடுத்தவங்களுக்கும் பாக்கணும். எங்க குழுவுல யூதப் பொண்ணு ஒண்ணு, வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா சனிக்கிழமை இருட்டுற வரைக்கும் லேப்டாப்பத் தொடாது. டிசம்பர்ல டொரண்டோவுல அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிரும். நாங்க 'வெள்ளி சாயங்காலம் ஆறு மணி'ன்னு கூட்டம் வெச்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அந்தப் பொண்ணு ஏன் வரலைன்னு உறைச்சது.

சஷ்டி அன்னைக்கே ப்ரசன்டேஷன் விழுந்தா குழுவோட தேதியையே மாத்தச் சொல்லாதீங்க. உங்க பங்க மட்டும் முன்னாடியே பதிவு பண்ணிக் கொடுக்கலாமான்னு கேளுங்க.